முதலில் திருப்பு

ஜூலை ஒன்று. மாண்ட்ரியல் முழுக்க வீடு மாறுகிறது.
பார்க் எக்ஸ்டென்ஷன் நடைபாதையெங்கும்
மெத்தைகள், மேசைக்கால்கள்,
ஒரு ஃப்ரிட்ஜின் கதவு மட்டும்.
நானும் மாறுகிறேன்,
நேற்றிரவு இரண்டு மணிவரை
வேறொரு கதவோடு மல்லுக்கட்டிவிட்டு.

அது நான் எழுதும் விளையாட்டில் ஒரு சத்திரத்துக் கதவு.
தள்ளினால் திறக்கவேண்டும், அவ்வளவுதான்.
தள்ளினேன்.
சுவரைவிட்டுக் கிளம்பி
கோதுமை வயலுக்கு மேலே பறந்து
ஏரியில் பாதி முங்கி எழுந்து
தொண்ணூறு டிகிரி முடிந்ததும்
யாருமில்லாத ஒரு மேட்டில் போய் நின்றது,
கைப்பிடி மினுங்க.

கதவின்மேல் பிழையில்லை.
முதலில் அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு
அப்புறம் திருப்பியிருக்கிறேன்.
சுழற்சிக்குக் கீல் தெரியாது.
அதற்குத் தெரிந்தது ஒரே புள்ளி:
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
உலகத்தின் நட்டநடு.
அங்கே நான் ஒரு புல்லைக்கூட வைக்கவில்லை.

இப்போது சோபாவின் மேல்நுனியில் நிரோஜன்,
கீழ்நுனியில் நான்.
நடுவே இந்த ஊரின் வெளிப்படிக்கட்டு,
இரும்பில் முறுக்குப் பிழிந்ததுபோல.
"முதல்ல ஏத்துவம், பிறகு திருப்புவம்" என்றான்.
எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.
ஏற்றினோம். திருப்பினோம்.
சோபாவின் முதுகு கம்பியில் மாட்டிக்கொண்டது.
மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.
மாடியிலிருந்து மதாம் திபோ பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.
"என்னவாம்?"
"இதில் பியானோவே ஏறியிருக்காம்."

தோள்பட்டை எரிய நின்றபடியே
அவனுக்கு என் கதவைப் பற்றிச் சொன்னேன்,
அணிகளைப் பற்றி.
"என்ன அணி?"
நிரையும் நிரலுமாக எண்களை அடுக்குவது.
"ஓ, தாயம்!"
வட்டுக்கோட்டையில் அவன் படித்த கணக்கில்
அதற்கு அதுதான் பெயராம்.
எனக்கு அணி என்றால் உவமை, நகை, கிரிக்கெட்.
அவனுக்குத் தாயம் என்றால்
விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும் ஒன்று.
"அலகுத் தாயத்தைப் பாருங்கோ" என்றான்,
"மூலைவிட்டம் முழுக்க ஒண்டு.
நாலு தாயம் விழுந்தும்
ஒரு காயும் அசையாது."
சிரித்ததில் சோபா ஓர் அங்குலம் இறங்கியது,
என் கட்டைவிரல்மேல்.

பிறகு வந்தவழியே போனோம்.
கடைசியில் செய்ததை முதலில் கலைத்து,
முதலில் செய்ததைக் கடைசியில் கலைத்து.
நடைபாதையிலேயே சோபாவை நட்டமாக நிமிர்த்தினோம்.
திருப்பிவிட்டு ஏற்றினோம்.
போயிற்று, தபால் போடுவதுபோல.

எல்லாவற்றையும் இப்படிக் கலைத்துவிடலாம் என்றில்லை.
ஒரு பக்கத்தைப் பூஜ்யத்தால் பெருக்கிவிட்டால்
உருவம் தரையோடு தரையாகிவிடும்.
வெயிலில் நிமிர்ந்து நின்ற சோபாவின் நிழலைப் பார்த்தேன்.
அந்த நிழலிலிருந்து சோபாவைத் திரும்பச் செய்ய
அணியும் கிடையாது, தாயமும் கிடையாது.
இதை வாங்கிய அன்று
மேல்நுனியைப் பிடித்தவன் இப்போது கால்கரியில்.
நிரோஜன் கேட்கவில்லை.
நல்ல பையன், தண்ணீர் குடித்துவிட்டு
அடுத்த பெட்டியைத் தூக்கப் போனான்.

இரவு. பெட்டிகளுக்கு நடுவில் சோபா,
சோபாவில் நான், மடியில் கதவு.
ஒற்றை வரி, வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டியது:
கீலைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா.
திருப்பு.
எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வை.

தள்ளினேன்.
வயல் பேசாமல் கிடந்தது, ஏரியில் அலையில்லை.
கதவு தன் கீலில் நின்று
தொண்ணூறு டிகிரி, அதற்குமேல் ஒரு மயிரிழையில்லை,
திறந்தது.

உள்ளே இருட்டு.
சத்திரத்துக்குள் இதுவரை யாரும் போனதில்லை என்பதால்
நான் அங்கே ஒன்றும் கட்டியிருக்கவில்லை.
நாளைக்கு ஒரு நாற்காலியாவது போடவேண்டும்.
முதலில் திருப்பி, பிறகு நகர்த்தி,
ஜன்னலைப் பார்த்தாற்போல.
ஜன்னலும் வைக்கவேண்டும்.